பாட்டியா, ஆச்சியா, அம்மூம்மாவா? ஏழாம் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறதென்றால் அதற்கு வைக்கும் பெயரைப் பற்றி மாதக்கணக்கில் பேச்சு ஓடும். எண் பார்ப்பார்கள், நட்சத்திரம் பார்ப்பார்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று என்று மூன்று பெயர்கூடத் தயாராகிவிடும். அந்தக் குழந்தை பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடும் என்பதை மட்டும் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. "அது தன்னால வரும்" என்று விட்டுவிடுவார்கள். தன்னால் வந்து நிற்பது பல வீடுகளில் "அம்மா" என்ற சொல்தான். பாட்டி அம்மாவாகிவிடுவார், பெற்றவள் அக்காவாகிவிடுவாள், இல்லாவிட்டால் அவளையே குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிடும்.

சொல்லிக்கொடுத்ததைக் குழந்தை சொல்லாது, காதில் விழுந்ததைத்தான் சொல்லும். பாட்டியைக் காட்டி "பாட்டி சொல்லு, பாட்டி சொல்லு" என்று நாளைக்குப் பத்து தடவை சொல்வோம். அதே நாளில் அடுக்களையிலிருந்து மகள் "அம்மே, உப்பு எங்க?" என்று கேட்பாள், மகன் வாசலில் நின்று "அம்மா, வண்டிச் சாவி" என்பான். எண்ணிப் பார்த்தால் அம்மா என்ற சொல் ஐம்பது தடவை விழுந்திருக்கும். பத்துக்கும் ஐம்பதுக்கும் நடக்கும் போட்டியில் எது ஜெயிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். பெற்றவளை அவளுடைய தம்பி தங்கைகள் "அக்கா" என்று கூப்பிடும் வீட்டில் குழந்தையும் அக்கா என்பது இதே கணக்குதான்.

ஆகவே பெயரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. குழந்தைக்குக் காது கேட்கும் இடத்தில் பெரியவர்கள் எல்லோரும் அதே பெயரால் பாட்டியைக் கூப்பிடுவது மீதிப் பாதி. மகள் "அம்மே" என்பதை விட்டுவிட்டு "பாட்டீ, உப்பு எங்க?" என்று கேட்க வேண்டும். முதல் சில நாள் கூச்சமாக இருக்கும், அம்மாவையே பாட்டி என்று கூப்பிடுவது வாயில் வராது. மருமகனுக்கும் மருமகளுக்கும் அத்தனை கஷ்டம் இல்லை. மாமி, அத்தை என்று கூப்பிடக் கூசி நிற்கிறவர்களுக்கு "பாட்டி" வசதியான மறைவு. பாட்டியும் தன்னைப் பற்றிப் பேசும்போது "நான்" என்று சொல்லாமல் பெயர் சொல்லிப் பேசுவது நல்லது. "பாட்டி வாறேன் மக்களே", "பாட்டி தூக்கட்டா?" என்று.

இனி எந்தப் பெயர் என்ற கேள்வி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. அதனால் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத அளவு சொற்கள் நம் கையில் உண்டு. பாட்டி எங்கும் செல்லும். தோவாளை, நாகர்கோவில் பக்கம் நெல்லையின் ஆச்சி இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாள வாசனையோடு அம்மூம்மாவும் அம்மச்சியும் வரும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் உம்மாவின் அம்மா உம்மும்மா, வாப்பாவின் அம்மா வாப்பும்மா என்று பிரித்துக் கூப்பிடுவதைக் கேட்கலாம். இது எதுவும் கோடு போட்டுப் பிரித்த எல்லை இல்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த மூன்று வீட்டில் மூன்று பெயர் கேட்கும். கல்யாணம் தாலுகா கடந்து நடந்தால் இரண்டு பெயரும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடும்.

ஒவ்வொரு சொல்லையும் குழந்தையின் வாய் எப்படி உடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. ஆறேழு மாதத்தில் மம்மம்மா, பப்பப்பா, தத்தத்தா என்று மழலை தொடங்கும். அதற்குப் பொருள் கிடையாது, "என்னையத்தான் கூப்பிடுது" என்று ஆளாளுக்குச் சண்டை போட வேண்டாம். ஆளைப் பார்த்துப் பொருளோடு சொல்வது ஏறக்குறைய ஒரு வயதில். உதட்டை மூடித் திறந்தால் வரும் ம, ப இரண்டும் சுலபம். நாக்கை மடிக்க வேண்டிய ட, அண்ணத்தில் ஒட்டி எடுக்க வேண்டிய ச்ச ஆகியவை தாமதமாகவே சீராகும்.

அதனால் பாட்டி முதலில் "பாத்தி" அல்லது "பாப்பி" ஆகும். ஆச்சி "ஆத்தி" ஆகும். அம்மச்சி "அம்மத்தி" ஆகலாம், அல்லது வால் அறுந்து "அம்ம" என்று நிற்கலாம். அம்மூம்மாதான் இருப்பதிலேயே சுலபமான சொல், முழுக்க ம. சுலபம் என்பதே அதன் குறையும்கூட. ஒரு வயதுக் குழந்தை நடுவில் உள்ள நெடிலை விழுங்கிவிட்டு "அம்ம்மா" என்று சொல்லும். அம்மாவுக்கும் அம்மூம்மாவுக்கும் சில மாதம் ஒரே சத்தம்தான். உம்மா, உம்மும்மா ஜோடிக்கும் இதே கதி. இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் வீட்டில் பெரியவர்கள் நடுவில் உள்ள அசையை இழுத்து, ராகம் போட்டுச் சொல்ல வேண்டும்: "அம்மூ...ம்மா". குழந்தை எழுத்தைப் பிடிப்பதற்கு முன்பு ராகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே பல வீடுகளில் தாத்தா கிடையாது, பாட்டாதான். பாட்டா, பாட்டி இரண்டுக்கும் கடைசி உயிர் ஒன்றுதான் வேறுபாடு. ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டு பேரையும் "பாத்தா" என்றே கூப்பிடும். பாட்டிக்கு வருத்தம், பாட்டாவுக்குச் சந்தோஷம். குழந்தைக்கு ஆள் தெரியாமல் இல்லை. "பாட்டி எங்க?" என்று கேட்டால் சரியான பக்கம்தான் திரும்பும். காது பிரித்துவிட்டது, வாய் இன்னும் பிரிக்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் காலத்தைக் கடக்கப் பொறுமை இல்லாத வீட்டுக்கு ஆச்சி–பாட்டா, அம்மூம்மா–பாட்டா, பாட்டி–தாத்தா ஆகிய ஜோடிகள் ஏற்றவை. இரண்டு சொல்லும் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடுகின்றன. இந்த மூன்றில் எங்கள் ஓட்டு ஆச்சி–பாட்டாவுக்கு.

நாற்பத்தைந்து வயதில் பேரன் எடுக்கும் பெண்களுக்குப் பாட்டி என்ற சொல்லே பிடிப்பதில்லை. கிழவி என்று சொன்னதுபோல இருக்கிறதாம். தொல்காப்பிய மரபியல் "பாட்டி என்ப பன்றியும் நாயும்" என்கிறது. அன்றைக்குப் பெண் பன்றிக்கும் பெண் நாய்க்கும் பெயராக இருந்த சொல் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அதை நினைத்தால் கிழவி எவ்வளவோ மரியாதை. சொல் மதிப்பு ஏறி இறங்கும், கூப்பிடும் குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது. பிடிக்காதவர்கள் ஆச்சிக்கோ அம்மூம்மாவுக்கோ போகலாம். பெரியம்மா, மம்மி என்று மட்டும் போக வேண்டாம். பெரியம்மா ஏற்கெனவே இன்னொருவருடைய இடம். வலியம்மையும் அப்படித்தான். இங்கே அது அம்மாவின் அக்கா, எல்லை தாண்டினால் சில மலையாள வீடுகளில் பாட்டி. இரண்டு பக்கமும் சொந்தம் உள்ள குடும்பம் இந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பது நல்லது.

அம்மச்சியைத் தேர்ந்தெடுக்கும் பாட்டிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். திருவிதாங்கூர் மகாராஜாவின் மனைவிக்கு வழங்கிய பெயர் அம்மச்சி. அவர்களுடைய குடும்பங்களுக்கு அம்மவீடு என்று பெயர். அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்று அந்த அம்மவீடுகளின் பெயர்களில் நிற்பதெல்லாம் நம்மூர்கள்தான்.

மாவட்டத்தை விட்டு வெளியே போனால் சொல்லின் பொருள் மாறுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் வளரும் குழந்தை வகுப்பில் "பாட்டா வந்தாவ" என்றால் மற்ற பிள்ளைகளுக்குச் செருப்புதான் ஞாபகம் வரும். "அம்மைக்க அம்மை" என்று சொன்னால் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று டீச்சர் பயப்படுவார். ஆயா என்பது செட்டிநாட்டில் பாட்டி, நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறவர். அம்மம்மாவை யாழ்ப்பாணத்துத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் தாயின் தாய் என்றே புரிந்துகொள்வார்கள். அப்பாவின் அம்மாவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வடக்கே வேலை பார்க்கும் வீடுகளில் நானி, தாதி என்று பழகுகிறார்கள். நானி அம்மாவின் அம்மா, தாதி அப்பாவின் அம்மா. அங்கே அப்பாவின் அப்பா தாதா. நம் தாத்தாவும் அந்தத் தாதாவும் குழந்தை வாயில் ஒன்றாகிவிடும். இவற்றுக்காகச் சொல்லை மாற்ற வேண்டும் என்றில்லை. கிண்டல் வரும் என்று தெரிந்திருந்தால் குழந்தைக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம்.

இரண்டு பாட்டிகள் விஷயம்தான் எல்லாவற்றிலும் கனமானது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்று மாதமோ ஐந்து மாதமோ குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, தொட்டிலாட்டி இருப்பவர் அம்மாவின் அம்மா. அந்த வீட்டில் எல்லோர் வாயிலும் "பாட்டி" அவர்தான். பிறகு குழந்தை அப்பா வீட்டுக்கு வரும்போது அங்கே ஒருவர் அதே பெயரை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அதனால்தான் ஏழாம் மாதம் பெண்ணை அழைத்துப் போக இரண்டு வீட்டாரும் கூடும் நாளிலேயே பேசிவிடுங்கள் என்கிறோம். இலை எடுத்த பிறகு பத்து நிமிடம் போதும். யாருக்கு எந்தப் பெயர், பாட்டாக்கள் இரண்டு பேருக்கும் என்ன, உயிரோடு இருக்கும் பூட்டிக்கு என்ன, பாட்டியின் தங்கைகளுக்கு என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்தாறு பேர் தேறுவார்கள். ஒரே சத்தத்தில் இரண்டு பெயர் வந்தால் அந்தத் தாளிலேயே கண்ணில் படும். பாட்டிகளையே முதலில் கேட்க வேண்டும். மகனோ மகளோ முடிவு செய்துவிட்டு அறிவிப்பதுபோல் இருக்கக் கூடாது. ஏற்கெனவே பேரப்பிள்ளை உள்ள பாட்டிக்குத் தேர்வே கிடையாது. மூத்த பேரன் என்ன கூப்பிட்டானோ அதுதான் கடைசிப் பேத்தி வரைக்கும், புதிய சம்பந்தி வீட்டார் வளைந்துகொடுப்பதுதான் நியாயம்.

இருவரும் பாட்டியாகவே இருக்க விரும்பினால் முன்னால் ஒரு அடை சேர்க்கத்தான் வேண்டும். நம்மவர்களின் வழக்கம் ஊர்ப்பெயர்: கருங்கல் பாட்டி, தக்கலை பாட்டி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தக்கலை பாட்டி மகனோடு பெங்களூருக்குக் குடிபோய்விட்டால் பெயர் அந்தரத்தில் நிற்கும். இரண்டு பாட்டியும் ஒரே ஊர் என்றால் உதவவே உதவாது. கோழிப் பாட்டி, மாடிப் பாட்டி என்று வீட்டு அடையாளம் வைத்துக் குழந்தைகளே பிரித்துக்கொள்வதுண்டு. அதை அப்படியே விடலாம், நம்மால் யோசித்து வைக்க முடியாத பெயர்கள் அவை. கறுத்த பாட்டி, வெளுத்த பாட்டி, தடிச்ச பாட்டி ஆகியவற்றை முளையிலேயே கிள்ள வேண்டும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பதினைந்து வருடம் கழித்துக் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் அந்தப் பெயரைக் கேட்கும் பாட்டிக்கு அது சிரிப்பாக இருக்காது. பெரிய பாட்டி, சின்னப் பாட்டி என்பதைச் சம்பந்திகளுக்கு இடையே வைக்காதீர்கள். வயதைச் சொன்னாலும் அந்தஸ்தைச் சொன்னதாகவே காதில் விழும். அக்கா தங்கைகளான பாட்டிகளுக்கு மட்டும் அது பொருந்தும்.

தேர்ந்தெடுத்த சொல்லை வாயில் போட்டுப் பார்க்கவும் வேண்டும். அடுக்களை வாசலில் நின்று விளையின் கடைசித் தென்னை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை கூப்பிடுங்கள். நெடிலில் முடியும் சொல், அல்லது இழுத்தால் நெடிலாகும் சொல் தூரம் போகும்: "ஆச்சீ...", "அம்மூம்மா...". அடுத்து நம்ம ஊர்ப் பேச்சில் உடைமை சேர்த்துப் பாருங்கள்: பாட்டிக்க கண்ணாடி, ஆச்சிக்க வீடு, அம்மூம்மாக்க போன். அடைமொழியோடு சேர்ந்து நீண்டுபோனால் நாக்கு தடுக்கும். "மார்த்தாண்டம் அம்மூம்மாக்க போன்" என்று மூன்று தடவை வேகமாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும். வினைமுற்றையும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. "ஆச்சி வந்தாவ" என்றா, "ஆச்சி வந்தா" என்றா? "நீ"யா, "நீங்க"ளா? பாட்டியிடம் "நீ" சொல்லும் வீடும் உண்டு, அதில் பாசக்குறைவு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பாட்டிகளில் ஒருவருக்கு "நீ", மற்றவருக்கு "நீங்க" என்று பழகிவிட்டால் அதை இரண்டு வீடும் கவனிக்கும்.

வளைகுடாவில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். பாட்டியைப் போன் திரையில் மட்டுமே பார்க்கும் குழந்தைக்கு, பாட்டி என்றால் அந்தப் போன்தான் என்றாகிவிடும். அணைந்த போனைக் காட்டி "பாத்தி" என்று சொல்லும், மேசையில் கிடக்கும் யாருடைய போனையும் அப்படியே சொல்லும். அழைப்பில் பாட்டி முகம் தோன்றும் அந்த நொடியில், முகத்தைக் காட்டி, ஒரே ஒரு தடவை பெயரைச் சொன்னால் போதும். "சொல்லு, சொல்லு, பாட்டி கேக்காவ, சொல்லு" என்று கேமராவுக்கு முன்னால் பிடித்து நிறுத்தினால் குழந்தை வாயை இறுக்கிக்கொள்ளும், அடுத்த தடவை போனைக் கண்டாலே ஓடும். ஒரு பழைய அச்சுப் போட்டோவைக் குழந்தையின் கண் உயரத்தில் சுவரில் ஒட்டி வையுங்கள். பாட்டிக்குப் போன் இல்லாமலும் ஒரு முகம் உண்டு என்று புரியும். ஊருக்கு வரும்போது விமான நிலையத்திலேயே நீட்டிய கைக்குள் குழந்தை போகாது. திரையில் இருந்தவருக்கு உடம்பும் மணமும் குரலும் உண்டு என்று பழக இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

குழந்தை தன்னால் ஒரு பெயர் உண்டாக்கினால்? பாப்பி, தாட்டி, அம்மி என்று ஏதாவது வரும். நீங்கள் பேசி முடித்த பெயர் போய்விட்டதே என்று திருத்தித் திருத்திச் சொல்ல வேண்டாம். "பாப்பி இல்ல, பாட்டி சொல்லு" என்று தடுப்பதைவிட, "பாட்டி இதோ வாறேன்" என்று சரியான சொல்லைப் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். வாய் பழுத்ததும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சரியாகாமல் நின்றுவிட்டால், பாட்டிக்குப் பிடித்திருந்தால், அதுவே இருக்கட்டும். அம்மி மட்டும் யோசிக்க வேண்டிய கேஸ். அரைக்கிற கல் பெயரை ஆயுளுக்கும் சுமக்கப் பாட்டி சம்மதிக்க வேண்டும்.

இரண்டரை மூன்று வயது வரை பாட்டியை அம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்ட குழந்தையை மாற்றவும் முடியும், ஒரே நாளில் முடியாது. வீட்டில் உள்ள பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் மாற வேண்டும். ஒருவர் பழைய சொல்லில் நின்றாலும் இழுத்துக்கொண்டே போகும். முதல் சில வாரத்துக்கு "பாட்டியம்மா" என்று பாலம் போடலாம், பிறகு வாலை நறுக்கிவிடலாம். "அம்மா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது என்று சில பாட்டிகள் பிடிவாதம் பிடிப்பார்கள். அது வேண்டாம். பெயர் மாறியதாகக் குழந்தை நினைக்காது, பாட்டிக்குத் தன்மேல் கோபம் என்றுதான் நினைக்கும். கூப்பிட்டால் வர வேண்டும், வரும்போது புதுப் பெயரைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். பெற்றவளையும் மறந்துவிடாதீர்கள். பாட்டிக்குப் பெயர் மாறும் அதே நாளில் அவளை மற்றவர்கள் குழந்தை முன்னால் "அம்மா" என்று குறிக்கத் தொடங்கினால்தான் காலியான சொல்லுக்கு ஆள் கிடைக்கும். "அம்மாக்க கிட்ட போ மக்களே" என்று பாட்டியே சொல்வதற்கு ஈடு இல்லை.

பேத்திக்குப் பாட்டியின் பெயரையே வைக்கும் வீடுகளில் ஒரு சின்னத் தடங்கல். பெயர் ஏந்துபவன் என்பதால்தான் பெயரன், அதுவே பேரன் ஆயிற்று என்பார்கள். மாமியார் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்ட எந்த மருமகளுக்கும் வாய் வராது. குழந்தைக்கு வீட்டுப் பெயர் ஒன்று வைத்துவிடுங்கள், அதுவும் முதல் வாரத்திலேயே.

கடைசியாக, கூப்பிடும் பெயர் எவ்வளவு இனிமையாக அமைந்தாலும் மூன்று நான்கு வயதில் பாட்டியின் சொந்தப் பெயரையும் ஊரையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேர், டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, விடுமுறை நாளில் கன்னியாகுமரிக் கடற்கரை ஆகிய கூட்டங்களில் பிள்ளைகள் கை நழுவிப் போவதுண்டு. "யாரோட வந்த மக்களே?" என்று போலீஸ்காரர் கேட்டால் "ஆச்சி கூட" என்று மட்டும் சொல்லும் குழந்தையை வைத்துக்கொண்டு மைக்கில் என்ன அறிவிப்பது? அங்கே ஆயிரம் ஆச்சிகள் நிற்பார்கள். "பாட்டிக்க பேரு என்ன?" என்று ஒரு விளையாட்டுப்போல அடிக்கடி கேட்டுப் பழக்குங்கள். திருவிழாவுக்குப் புறப்படும்போது ஒரு தாளில் பாட்டியின் பெயர், குழந்தை கூப்பிடும் பெயர், போன் நம்பர் மூன்றையும் எழுதி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துத் தைத்துவிடுங்கள். பாட்டிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 மனப்பாடமாக இருக்கட்டும். பள்ளியில் குழந்தையை அழைத்துப் போக வருபவர் யார் என்று எழுதிக் கொடுக்கும் இடத்திலும் சொந்தப் பெயருக்குப் பக்கத்தில் கூப்பிடும் பெயரை எழுதுங்கள். சாயங்காலம் வாசலில் நின்று "அம்மூம்மா வந்தாச்சு" என்று பிள்ளை கத்தும்போது, வந்திருப்பவர் யார் என்று வாசலில் நிற்கும் டீச்சருக்குத் தெரிய வேண்டுமே.